கொக்கியைத் திறக்கும் குட்டிகள், திறக்காத கிழவி: குரங்குகளுக்கும் வழக்கம் என்று ஒன்று உண்டா?

கலைவாணி, வால்பாறை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மெஷினைச் சமையலறை ஜன்னலோரம் போட்டிருப்பதால் பின்வாசலும் அதைத் தாண்டி நிற்கும் பலாமரமும் நாள் முழுக்க என் கண்ணிலேயே இருக்கும். அந்த மரத்துக்குச் சோலைமந்திகள் வரும். வெளியூர்க்காரர்கள் சிங்கவால் குரங்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. காட்டுக்குள் மரத்தை விட்டு அதிகம் இறங்காது என்று சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரில், புதுத்தோட்டம் பக்கமெல்லாம், தார்ச்சாலையில் நடக்கும், கூரையில் உட்காரும், வீட்டுக்குள்ளும் வரும். சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று வருஷமாக நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பின்கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கிதான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருக்கிறது. ஒரு நாள் சின்ன மந்தி ஒன்று, அப்போது அதற்கு இரண்டு வயது இருந்திருக்கலாம், சந்தில் விரலை விட்டுக் கொக்கியை மேலே தட்டிக் கதவைத் திறந்தது. தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வலது காது கிழிந்திருந்ததால் அதை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். தற்செயலாகத் திறந்துகொண்டது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே குரங்கு வந்து அதே மாதிரி திறந்தது. அன்றிலிருந்து, அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டுக் குறித்து வருகிறேன்.

எட்டு மாதத்தில் அதோடு கட்டிப் புரளும் இரண்டு குட்டிகள் திறக்க ஆரம்பித்தன. அப்புறம் அதன் அக்கா என்று நான் நினைக்கிற ஒரு மந்தி. போன வருஷம் அதன் அம்மா. இன்றைக்கு ஏழு குரங்குகளுக்குத் திறக்கத் தெரியும். ஆனால் கூட்டத்திலேயே மூத்த கிழவி ஒன்று இருக்கிறது, முகமெல்லாம் சுருக்கம். கதவுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து அந்த ஏழும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவைகூடச் சந்தில் விரல் விட்டதில்லை. ஆண் குரங்கான கடுவனும் அப்படித்தான்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தா ஞாபகம் வரும். ராமநாதபுரம் பக்கமிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்கு வந்தவர். லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் மார்கழி முழுக்கச் சிக்குக் கோலம் போடுவார். அதில் 21 புள்ளிக் கோலம் ஒன்று, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிகிற ஒரே இழை. அதற்கு அவர் வைத்த பெயர் தேர்வடம். அம்மா வேலைக்குப் போய்விடுவார், நாங்கள் பள்ளிக்கூடம். யாரும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. அப்பத்தா போய் 11 வருஷம் ஆகிறது. அந்த இழை இரண்டாவது சுற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. என் மகள் யூடியூப் பார்த்து வேறு கோலங்கள் போடுகிறாள், அழகாகத்தான் போடுகிறாள்.

குரங்குகள் செய்வதையும் வழக்கம் என்று சொல்லலாமா, இல்லை வெறும் பசியா? மூத்தவை ஏன் கற்றுக்கொள்வதில்லை? எங்கள் வீட்டில் அறுந்த மாதிரி அவற்றுக்கும் ஒரு வழக்கம் அறுந்து போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நான் அவற்றுக்கு எதுவும் போடுவதில்லை.

செந்தில், தூத்துக்குடி:

அக்கா, மூன்று வருஷம் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறீர்கள், அதற்கே முதலில் பாராட்டு. இருந்தாலும் ஒரு சந்தேகத்தை வைக்கிறேன். ஏழு குரங்குகள் ஒரே வேலையைச் செய்வதால் மட்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றது என்று ஆகிவிடாது. ஏழும் தனித்தனியாகவே கண்டுபிடித்திருக்கலாம்.

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பால்காரர் விடியற்காலையில் வாசலில் பால் பாட்டிலை வைத்துவிட்டுப் போவார். 1921இல் சவுத்தாம்ப்டன் அருகே ஸ்வேத்லிங் என்ற ஊரில் சின்னச் சின்னப் பறவைகள் பாட்டில் மூடியைக் கிழித்து மேலே மிதக்கும் ஆடையைக் குடிப்பதைப் பார்த்து எழுதி வைத்தார்கள். பட்டாணிக்குருவி இனத்தைச் சேர்ந்த பறவைகள் அவை. 1940கள் முடிவதற்குள் நாட்டின் பல பகுதிகளில் இதே திருட்டு. ஃபிஷர், ஹிண்டே என்ற இரண்டு பேர் ஊர் ஊராகத் தகவல் சேர்த்து 1949இல் வெளியிட்டார்கள். பறவைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டன என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

ஆனால் 1984இல் ஷெர்ரி, கேலஃப் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பறவை இனத்தில் சிலவற்றுக்கு, இன்னொரு பறவை ஆடை உள்ள கிண்ணத்தைத் திறப்பதைக் காட்டினார்கள். வேறு சிலவற்றுக்குத் திறப்பதைக் காட்டவே இல்லை, ஏற்கெனவே திறந்திருந்த கிண்ணத்தில் தின்ன விட்டதோடு சரி. பிறகு மூடிய கிண்ணத்தைக் கொடுத்தால், இந்தப் பறவைகளிலும் பல தாமாகவே திறந்தன. அங்கே ஆடை இருக்கிறது என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி திறந்து வைத்த கதவு வழியாக மற்றவை உள்ளே வந்து தக்காளியைத் தின்றிருக்கும். மறுநாள் கதவு மூடியிருந்தால் அவையே அதை நோண்டிப் பார்க்கும். கதவில் இருப்பதும் ஒரே கொக்கி, திறக்க ஒரே வழி. அப்படியிருக்க, பார்த்துக் கற்றதையும் நோண்டிக் கற்றதையும் எதை வைத்துப் பிரிப்பது?

தஞ்சை வாத்தியார்:

அம்மா கலைவாணி, 31 வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தவன் நான். நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் குட்டி, பிறகு விளையாட்டுத் தோழர்கள், உடன்பிறப்பு, தாய், கடைசிவரை அசையாத கிழவி. இந்த வரிசையை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஜப்பானில் 70 வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது.

கியூஷூவின் மியாசாகி கரையோரம் கோஷிமா என்று ஒரு சின்னத் தீவு. கியோட்டோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்த குரங்குக் கூட்டத்தைக் கவனிப்பதற்காக 1952 முதல் கடற்கரை மணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போட்டார்கள். ஒவ்வொரு குரங்குக்கும் பெயர் வைத்தார்கள். யாருக்கு யார் பிள்ளை என்பது வரைக்கும் குறித்தார்கள். 1953 செப்டம்பரில், ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று மண் ஒட்டிய கிழங்கை ஓடைக்கு எடுத்துப் போய்க் கழுவித் தின்றது. அதன் பெயர் இமோ. ஜப்பானிய மொழியில் கிழங்கு என்று அர்த்தம். அதை முதலில் பார்த்தது பேராசிரியர்கள் இல்லை. சாத்சுவே மிதோ என்ற உள்ளூர் ஆசிரியை. நான் பாடம் எடுக்கும்போது இந்தப் பெயரை ஒரு நாளும் விட்டதில்லை. அருகிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் பட்ட விஷயம் அது, உங்கள் கண்ணில் பட்டது மாதிரி.

சில மாதங்களில் இமோவின் விளையாட்டுத் தோழர்களும் தாயும் கழுவத் தொடங்கினார்கள். 1958 மார்ச்சில் கணக்கெடுத்தபோது, இரண்டு முதல் ஏழு வயதுக்குள் இருந்த 19 குரங்குகளில் 15 கழுவின. வளர்ந்த குரங்குகள் 11இல் இரண்டே இரண்டுதான், அந்த இரண்டும் பெண். பெரிய ஆண்களில் ஒன்றுகூட இல்லை. ஆண்கள் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும், குட்டிகளோடு உட்கார்ந்து தின்னாது. பக்கத்தில் உட்காராத பிராணி எதைப் பார்த்துக் கற்கும்? பிறகு இமோவின் தலைமுறைக்குக் குட்டிகள் பிறந்தபோது வேறு விதமாகிவிட்டது. அந்தக் குட்டிகள் தாயின் மடியிலிருந்தே கழுவிய கிழங்கைத் தின்று வளர்ந்தன. ஆணானாலும் பெண்ணானாலும் கிட்டத்தட்ட எல்லாம் கழுவின. இளசுகளின் புதுப்பழக்கம் ஒரே தலைமுறையில் வீட்டு வழக்கமாக மாறிவிட்டது.

அது அப்படியே நிற்கவும் இல்லை. ஓடையில் கழுவியவை கடல்நீருக்கு மாறின. ஒரு கடி, ஒரு முக்கு, மறுபடி ஒரு கடி. உப்புச் சுவை பிடித்திருக்க வேண்டும். 1956இல் அதே இமோ இன்னொன்று செய்தது. மணலில் இறைத்த கோதுமையை மண்ணோடு அள்ளித் தண்ணீரில் போட்டது. மண் அடியில் போனது, கோதுமை மிதந்தது, அள்ளித் தின்றது. நம் வீட்டில் அரிசி களைவது போலத்தான். அதுவும் பரவியது. இமோ இறந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்தத் தீவுக் குரங்குகள் கிழங்கை நீரில் முக்கித் தின்றிருக்கின்றன.

வாட்ஸப்பில் சுற்றுகிற ஒரு கதையை இந்த இடத்தில் வெட்டிவிட வேண்டும். நூறாவது குரங்கு கற்றவுடன் அந்த அறிவு காற்றிலேயே பரவிப் பக்கத்துத் தீவுக் குரங்குகளுக்கெல்லாம் வந்துவிட்டது என்று சொல்வார்கள். பொய். 1952இல் கோஷிமாவில் இருந்ததே 20 குரங்குகள், 1962இல் 59. நூறு குரங்கே கிடையாது. ஒவ்வொன்றும் எந்த வருஷம் கற்றது என்று பெயரோடு ஏடு இருக்கிறது. மாயமாக எதுவும் பரவவில்லை. தாயிடமிருந்தும் தோழனிடமிருந்தும் ஒவ்வொன்றாகத்தான் போயிருக்கிறது. மாயக் கதையைவிட எனக்கு அந்த ஏடுதான் பெரிய அதிசயம்.

தம்பி செந்திலின் கேள்வி மிக நல்ல கேள்வி. கோஷிமாவைப் பற்றியே அறிஞர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரே வழி இருக்கும் பூட்டை வைத்துப் பதில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் லூசி ஆப்லின் என்பவரும் கூட்டாளிகளும் இரண்டு வழி உள்ள பெட்டி செய்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. நீங்கள் சொன்ன அதே பறவைக் குடும்பம்தான். கதவை இடப்பக்கம் தள்ளினாலும் புழு, வலப்பக்கம் தள்ளினாலும் அதே புழு. காட்டின் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பறவைகளை மட்டும் பிடித்து, ஒரு பகுதிப் பறவைகளுக்கு இடப்பக்கமும் வேறு பகுதிப் பறவைகளுக்கு வலப்பக்கமும் பழக்கிவிட்டார்கள். 20 நாளில் சராசரியாக முக்கால்வாசிப் பறவைகள் திறக்கக் கற்றன. அந்தந்தப் பகுதியில் விதைத்த பக்கமே பெரும்பாலும் ஊரின் பக்கமாக நிலைத்தது. மறுபக்கமும் திறக்கும் என்று தானாகவே கண்டுபிடித்த பறவைகளில் பல ஊர் வழக்கத்துக்கே திரும்பி வந்தன. அடுத்த வருஷம் பெட்டியைத் திரும்ப வைத்தபோதும் அதே பக்கம்தான். தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தால் இடமும் வலமும் கலந்துதானே கிடந்திருக்கும்?

ஆகவே தாயே, பசி உண்டு, பசியோடு வழக்கமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் தாயி காட்டுச் சிம்பன்சிகள் கல்லைச் சுத்தியலாக்கிக் கொட்டை உடைக்கும். கிழக்கே கோம்பே காட்டில் எண்ணெய்ப்பனை உண்டு, அங்குள்ளவை மேல்சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். கொட்டையை உடைக்கக் குட்டி வருஷக்கணக்கில் தாயின் பக்கத்தில் உட்கார வேண்டும். தாய் உடைத்ததை எடுத்துத் தின்னும், தானும் தட்டிப் பார்க்கும், தப்பாகத் தட்டும். தாய் துரத்தாமல் பொறுத்துக்கொள்கிறாள். எனக்கு என்னவோ, அந்தப் பொறுமைதான் அவர்கள் பள்ளிக்கூடம் என்று தோன்றும்.

சுகந்தி, சிட்னி:

அக்கா, உங்கள் பின்கதவைப் படித்ததும் எங்கள் தெருக் குப்பைத்தொட்டிதான் கண்ணில் வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், 19 வருஷமாக சிட்னியின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே வெள்ளைக் கொண்டைக்கிளிகள் அதிகம். மஞ்சள் கொண்டை, பெரிய சத்தம். குப்பை எடுக்கும் நாளில் வீதியோரம் தள்ளி வைக்கும் தொட்டிகளின் மூடியை அவை திறந்துவிடும். எப்படித் தெரியுமா? முன்விளிம்பை அலகால் நெம்பித் தூக்கும். தூக்கிய மூடியை விடாமல் தொட்டி விளிம்பிலேயே பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போகும். மூடி அப்படியே பின்னால் கவிழும். ஒரு கிளி திறக்கும், சுற்றியிருப்பவை தின்ன இறங்கும். முதல் தடவை பார்த்தபோது தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இதைப் பற்றி இங்கே பெரிய ஆராய்ச்சியே நடந்தது. பார்பரா க்ளம்ப் என்பவரின் குழு, வாத்தியார் ஐயா சொன்ன லூசி ஆப்லினும் அதில் உண்டு. மக்களிடமே கேட்டார்கள். 2018க்கு முன் மூன்று புறநகர்களிலிருந்துதான் இந்தச் செய்தி வந்திருந்தது. 2019 முடிவில் 44. தொலைவில் அங்கொன்று இங்கொன்றாக முளைக்காமல், அடுத்தடுத்த ஊருக்குத்தான் பரவியது. திறக்கும் விதமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுகிறது. செந்தில் அண்ணா, உங்கள் சந்தேகத்துக்கு இதுவும் ஒரு பதில் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. கிளிகளோடு சேர்ந்து நாங்களும் மாறினோம். எதிர்வீட்டுக்காரர் மூடிமேல் ஒரு செங்கல் வைத்தார். அதைப் பார்த்து நானும் வைத்தேன், பிறகு எங்கள் வரிசையே வைத்தது. கிளிகள் செங்கலைத் தள்ளிவிடக் கற்றன. அப்போது தெருக்கோடியில் ஒருவர் மூடியின் கீல் இருக்கும் இடத்தில் பழைய சப்பாத்தை, அதாவது ஷூவைச் செருகினார், மூடி பாதிக்கு மேல் திறக்காது. இரண்டு வாரத்தில் எங்கள் வீதியில் ஐந்து தொட்டிகளில் சப்பாத்து. ஆராய்ச்சியாளர்கள் அதையும் 2022இல் எழுதினார்கள். மனிதர்களும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் கற்கிறார்கள், ஒரு தந்திரம் தோற்றால் அடுத்ததற்கு மாறுகிறார்கள் என்று. ஒரே வீதியில் மேலே ஒரு வழக்கம், கீழே ஒரு வழக்கம், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன.

அப்புறம் இன்னொன்று. அம்மா மரவள்ளிக் கிழங்கு அவிக்கும்போது பானையை மூடவே விடமாட்டார். ஏன் அம்மா என்றால், "மூடக்கூடாது, அவ்வளவுதான், அம்மம்மா மூடமாட்டா" என்பார். கிழங்கில் சயனைடு விஷம் உண்டு, திறந்து அவித்தால் ஆவியோடு போகும் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காரணம் தெரியாமலே மூன்று தலைமுறை சரியாகச் செய்திருக்கிறார்கள். காரணம் தெரியாமல் செய்வதைக் குரங்குகளும் செய்யுமா ஐயா?

தஞ்சை வாத்தியார்:

மகளே சுகந்தி, நீங்கள் கேட்ட இடத்தில்தான் நம் பாதையும் அவர்கள் பாதையும் பிரிகின்றன. 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பெட்டி, அதன் மேலே ஒரு துளை, முன்னால் ஒரு துளை. பெரியவர் ஒருவர் முதலில் மேல்துளையில் குச்சியால் குத்துவார், பிறகு முன்துளையில் குச்சியை விட்டுப் பரிசை எடுப்பார். மேல்துளைக்கும் பரிசுக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டி கறுப்பாக, உள்ளே தெரியாமல் இருந்தபோது உகாண்டாவின் ங்காம்பா தீவுச் சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்து மேல்துளை வீண் என்று தெரிந்தபோது, பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நேராகப் பரிசுக்குப் போயின. ஸ்காட்லாந்துக் குழந்தைகளோ, மூன்று நான்கு வயது, கண்ணாடிப் பெட்டியிலும் மேலே குத்திவிட்டுத்தான் பரிசை எடுத்தார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள், அப்படியானால் குரங்குதான் புத்திசாலியா என்று கேட்பார்கள். அந்தப் பெட்டிக்கு அது சரிதான். ஆனால் சயனைடு கண்ணுக்குத் தெரியாது. பானை மூடியைத் திறந்து வைப்பதற்கான காரணத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. வீணாகத் தெரிகிற படியையும் விடாமல் செய்கிறவர்களிடம்தான் அந்த வித்தை தங்கும். அதே குணத்தால் உதவாத பலவற்றையும் நாம் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறோம், அதையும் நான் மறைக்கவில்லை. வரதட்சணையையும் இப்படித்தான் வீட்டுக்கு வீடு பார்த்துக் கற்றோம்.

மூத்தவர் கற்பதில்லை என்பதை எல்லா உயிருக்கும் பொதுவாக்க வேண்டாம் என்றும் சொல்ல நினைத்தேன். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் கூனல் திமிங்கிலங்களின் ஆண்கள் எல்லாம் ஒரு பாட்டைப் பாடும். 1996இல் பதிவு செய்த 82 பாடகர்களில் இரண்டு மட்டும் வேறு பாட்டுப் பாடின. அது மேற்குக் கடற்கரைப் பாட்டு. 1998இல் கிழக்கில் பழைய பாட்டே இல்லை, எல்லாம் புதுப்பாட்டு. வளர்ந்த ஆண்கள்தான் மாறின. குரங்குக் கிழவிக்குக் கதவு திறக்காமலே வயிறு நிறையும், தக்காளி சிந்தும் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தேவை இல்லை என்பதுதான் என் ஊகம். அறிவில்லை என்று சொல்ல மாட்டேன்.

கலைவாணி:

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு நோட்டைப் புரட்டினேன். கிழவி உட்காரும் இடத்தை மூன்று தடவை எழுதியிருக்கிறேன், மூன்றும் படிக்குக் கீழே, வெளியே தூக்கி வருகிறவை சிந்துகிற இடம். இதை நான் யோசித்ததே இல்லை.

சுகந்தி, செங்கலும் சப்பாத்தும் எங்கள் லயனிலும் உண்டு. சப்பாத்துக்குப் பதில் இங்கே தேயிலை மூட்டை கட்டும் கயிறு. ஒரு வீட்டில் கட்டினால் மறுவாரம் நாலு வீட்டில்.

அறுந்து போவதைப் பற்றிக் கேட்டேனே ஐயா, அதற்கு மட்டும் நீங்கள் பதில் எழுதவில்லை.

தஞ்சை வாத்தியார்:

தள்ளிப்போட்டேன் அம்மா. என் தாயாரின் நினைவும் சேர்ந்துகொண்டது, அதனால் இன்று காலையில் எழுதுகிறேன்.

விலங்குகளுக்கும் அறும். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பெருங்கொம்பு ஆடுகள் உண்டு. வேனில் தொடங்கியதும் தளிர்ப் பச்சை மலை ஏற ஏற, அதன் பின்னாலேயே ஏறும். வேட்டையிலும் நோயிலும் பல மந்தைகள் அழிந்தன. வேறு இடத்திலிருந்து ஆடுகளைக் கொண்டுவந்து அதே மலையில் விட்டார்கள். ஆடும் அதே இனம், மலையும் அதே மலை. ஆனால் வந்தவற்றில் மிகச் சிலவே புறப்பட்டுப் போயின. பச்சை எப்போது எங்கே வரும் என்று அறிந்து அவை மலையேறக் கற்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2018இல் வந்த ஆய்வு அது. வழி ரத்தத்தில் இல்லை, முன்னால் நடக்கும் ஆட்டிடம் இருந்தது.

மனிதர்களில் வடமேற்கு கிரீன்லாந்தின் துருவ இனுயிட் மக்கள் கதை என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்று. சில நூறு பேர்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு கொள்ளைநோய் வந்து, கைத்தொழில் அறிந்த முதியவர்கள் பலரைக் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். அவர்களோடு கயாக் தோணி செய்யும் வித்தை போனது. வில்லும் அம்பும் போயின, மீன் குத்தும் முப்பல் ஈட்டியும் போனது. கரையோரம் மான் நிற்கும், அடிக்க வில் இல்லை. ஓடையில் மீன் ஓடும், குத்த ஈட்டி இல்லை. அறிவுக்குக் குறைவில்லாத மனிதர்கள், தேவையும் கண்முன்னால் இருந்தது, ஆனாலும் ஒரு தலைமுறைக்கும் மேல் அவர்களால் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. தோணியின் ஒவ்வொரு வளைவிலும் எத்தனையோ பேர் எத்தனையோ காலம் திருத்தியது கிடக்கிறது. ஒருவர் உட்கார்ந்து யோசித்து வருவதில்லை அது. உங்கள் 21 புள்ளி இழையும் அந்த மாதிரிதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1860களில் பாஃபின் தீவுப் பக்கமிருந்து கித்லார்சுவாக் என்ற தலைவர் தன் கூட்டத்தோடு பனிமேல் வருஷக்கணக்கில் பயணம் செய்து அவர்களிடம் வந்து சேர்ந்தார். வந்தவர்களுக்குத் தோணி கட்டத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், கற்றார்கள், வில்லும் ஈட்டியும் கயாக்கும் திரும்ப வந்தன. திரும்பி வந்த தோணி முதலில் பாஃபின் சாயலில்தான், அகலமாக இருந்தது.

உங்கள் அப்பத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர் என்றீர்கள். அந்தக் கோலத்தை அவர் மலையில் கண்டுபிடித்திருக்க மாட்டார். யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். காட்டியவர் வேறு எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டினாரோ. அந்த ஊரில் அவரோடு பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? விசாரியுங்கள். பெயர் வேறாக இருக்கலாம், புள்ளிக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

செந்தில்:

ஐயா, இடம் வலம் பெட்டி என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டது, பறவைகள் விஷயத்தில். அக்காவின் கதவு விஷயத்தில் இன்னும் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. அக்கா, அந்தக் கொக்கியை எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள்? மாற்றினால், புதிதை முதலில் யார் தொடுகிறார்கள், அந்த நேரம் யார் பக்கத்தில் இருக்கிறார்கள், இரண்டையும் எழுதி வைப்பீர்களா? இதுவரை யார் திறந்தார்கள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கலைவாணி:

ஆமாம் செந்தில், பக்கத்தில் யார் என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

நேற்று ஆசாரி வந்து கொக்கியைக் கழற்றிவிட்டு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டார், சந்தையும் ரீப்பர் அடித்து மூடிவிட்டார். இனி உள்ளே வராமல் இருப்பதுதான் அவற்றுக்கும் நல்லது, போன மாதம் ஒரு குட்டி வண்டியில் அடிபட்டது. இன்று காலை பத்தரைக்குக் கூட்டம் வந்தது. காது கிழிந்தவள்தான் முதலில் கதவுக்கு வந்தாள். அவள் வயிற்றில் இப்போது குட்டி தொங்குகிறது. சந்து இருந்த இடத்தை விரலால் தடவினாள், முகர்ந்தாள், மறுபடி தடவினாள். பக்கத்தில் அவள் அக்காவும் இரண்டு வருஷக் குட்டி ஒன்றும். கிழவி படிக்குக் கீழே. இருபது நிமிஷம் கழித்து எல்லாம் பலாமரத்துக்குப் போய்விட்டன. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

ஐயா, பரமக்குடிக்குப் பக்கத்தில் அப்பத்தாவின் தங்கை மகள் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். பத்து வருஷமாகப் பேச்சே இல்லை. நம்பரை மதியம் பெரியப்பாவிடம் வாங்கிவிட்டேன். சாயங்காலம் மகள் பள்ளிவிட்டு வந்ததும் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று இருக்கிறேன்.